மூணு மாசம் ஆச்சுன்னா பெல்ட் மாறிடணுமா?

ஆசிரியர் சாருக்கு வணக்கம். போன வாரம் நம்ம பத்திரிகைல ஏழு வயசு குழந்தை கராத்தேல பிளாக் பெல்ட் வாங்குனத போட்டோவோட போட்டிருந்தீங்க. குழந்தைக்கு வாழ்த்துகள், அது மேல ஒரு குத்தமும் இல்ல. ஆனா அந்தப் பக்கத்த கையில மடிச்சு எடுத்துக்கிட்டு வந்து "மாஸ்டர், எங்க பையன் இன்னும் ஆரஞ்சு பெல்ட்லயே நிக்கிறானே, அடுத்த டெஸ்ட் எப்போ"ன்னு கேக்குறாங்க பாருங்க, அதுக்குத்தான் எழுதுறேன்.

நான் கராத்தேல ஷோட்டோகான்ங்கிற பிரிவச் சொல்லிக் குடுக்குறவன். எங்க பக்கம் பல கிளாஸ்ல மூணு மாசத்துக்கு ஒரு கிரேடிங், அதாவது அடுத்த பெல்ட்டுக்கான டெஸ்ட்டுன்னு முன்னாடியே தேதி குறிச்சிடுறாங்க, ஃபீஸ் கட்டுனா லிஸ்ட்ல பேர் வந்துரும், பேர் வந்துட்டா பாஸ்தான், அப்புறம் எதுக்கு அந்த டெஸ்ட்டுன்னு யாரும் கேக்குறதில்ல. தேதி வைக்கிறது தப்பில்ல சார். அந்தத் தேதிக்கு யார் போகணும்ங்கிறத டெய்லி பாக்குற மாஸ்டர் முடிவு பண்ணணும், காலண்டர் இல்ல.

என்னத்த பாத்து முடிவு பண்றதுன்னு கேட்டா, ஹெயான் ஷோடான்ங்கிற ஆரம்பக் கட்டாவையே (தனியா ஆளு வரிசையாப் போட்டுக் காட்டுற அசைவுங்க) எடுத்துக்குங்க. ஆரம்பிச்ச இடத்துலயே வந்து முடியணும். பையன் ஒரு அடி தள்ளி முடிக்கிறான்னா ஒரு பக்கம் ஸ்டெப் நீளம், இன்னொரு பக்கம் குட்டைன்னு அர்த்தம். கடைசியில வர்ற நாலு ஷூட்டோ உகேல (கை விளிம்பால தடுக்குறது) வெயிட் பின்னங்கால்ல இருக்கணும், பாதிப் பேரு முன்னாடி சாஞ்சுருவாங்க. கிளாஸ் முடியப் போற நேரம், வேர்த்து ஊத்தி களைச்சுப்போன பிறகும் நான் கத்தாமலே அந்தக் கால் சரியா நின்னுச்சுன்னா அவன் ரெடி, டெஸ்ட் அன்னிக்குப் புதுசா எதையும் காட்ட வேண்டியதில்ல. கட்டா சூப்பரா போடுற சில பேரு குமிட்டேல (ரெண்டு பேரு மோதிப் பழகுறது) எதிர்ல நிக்கிற சின்னப் பையன் மூக்குலயே குத்துவாங்க, கன்ட்ரோல் வர்ற வரைக்கும் அவங்களுக்கு நான் டெஸ்ட் வைக்க மாட்டேன். பயந்து பயந்து நிக்கிற புள்ளைய சில சமயம் கொஞ்சம் முன்னாடியே அனுப்பிடுவேன், ஒரு பாஸ் அதுக்கு நல்ல டானிக்.

பிளாக் பெல்ட்ல இருந்து மேல போற படிகளுக்கு டான்னு பேரு, இந்த டான் முறையே ஜூடோல இருந்து வந்ததுதான். ஜூடோவ உருவாக்குன கானோ ஜிகோரோ 1883ல தன்னோட ரெண்டு சிஷ்யங்களுக்கு முதல் டான் குடுத்தாரு, அத எடுத்து 1924ல எங்க ஷோட்டோகானுக்கு மூலவரான ஃபுனாகோஷி கராத்தேல குடுக்க ஆரம்பிச்சாரு. ரெண்டு பேரும் தங்ககிட்ட பழகுனவங்களப் பாத்துத்தான் குடுத்தாங்க. டேக்வான்டோல டான் சர்டிபிகேட் குடுக்குற கொரியாவோட குக்கிவோன் அமைப்பு பதினஞ்சு வயசுக்குக் கீழ இருக்குற பசங்களுக்கு டான் குடுக்காம பூம்னு சின்னவங்களுக்கான படிய தனியா வச்சிருக்கு, அதுலயும் முதல் பூம்ல இருந்து ரெண்டாவதுக்குப் போக ஒரு வருஷம், ரெண்டுல இருந்து மூணுக்கு ரெண்டு வருஷம் காத்திருக்கணும். பிரேசிலியன் ஜியு ஜிட்சுல ஐபிஜேஜேஎஃப்ங்கிற சர்வதேச அமைப்போட ரூல்படி 19 வயசுக்கு முன்னாடி பிளாக் பெல்ட்டே கிடையாது. நம்ம ஊர்லதான் அஞ்சாம் கிளாஸ் முடிக்கிறதுக்குள்ள முடிச்சுடணும்னு அவசரம்.

இதுல மாஸ்டர்ங்க பக்கமும் ஒண்ணு சொல்லியாகணும். மாசச் சந்தா ஹால் வாடகைக்கே சரியா போயிடுது, கிரேடிங் ஃபீஸ்லதான் குடும்பம் ஓடுதுன்னு நிறைய பேரு சொல்றாங்க, பொய்யில்ல. அதுக்கு மாசச் சந்தாவ நூறு ரூபா ஏத்திட்டுப் போங்களேன், டெஸ்ட்டுக்கு பெல்ட்டு, சர்டிபிகேட்டுக்கு ஆகுற காச மட்டும் வாங்குங்க. ஆள் எண்ணிக்கைக்கும் வருமானத்துக்கும் சம்பந்தம் இல்லன்னு ஆனாலே பாதி லிஸ்ட் தானா சுருங்கிடும். டெஸ்ட் இல்லன்னா பசங்க நின்னுருவாங்கங்கிற பயத்துக்கு, பெல்ட் நுனியில ஒரு கலர் டேப் ஒட்டிவிடுங்க, சின்னதுங்க அதுக்கே வீடு வரைக்கும் குதிச்சுக்கிட்டுப் போகும்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள் சார். அடுத்த தடவ இந்த மாதிரி போட்டோ போடும்போது எத்தன வருஷம் பழகுச்சு, டெஸ்ட் எடுத்தது சொந்த மாஸ்டரா வெளி ஆளா, அந்த டெஸ்ட்ல எத்தன பேரு ஃபெயில் ஆனாங்கன்னு மூணே கேள்வி கேட்டுப் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு கராத்தே மாஸ்டர்,
தேனி மாவட்டம்.