சனிக்கிழமை படமும் நம் வீட்டு யாளியும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வரும் சனிக்கிழமை காலை, மூன்றாம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி அரங்கில் ஓர் அனிமேஷன் படம் போடுகிறோம். பறக்கும் குதிரையும் தீ கக்கும் டிராகனும் பாடிக்கொண்டே ஊர் சுற்றும் கதை. யு சான்றிதழ் பெற்ற படம்தான். நானும் இரண்டு ஆசிரியைகளும் முழுதாகப் பார்த்துவிட்டோம். கட்டணம் கிடையாது.

பரீட்சை நெருங்கும்போது படம் எதற்கு என்று சில பெற்றோர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி.

போன வாரம் ஐந்தாம் வகுப்பில், தெரிந்த விசித்திர விலங்கு ஒன்றை வரையச் சொன்னேன். கிட்டத்தட்ட எல்லோரும் டிராகனும் யூனிகார்னும் வரைந்தார்கள், அழகாகவே வரைந்தார்கள். கோயில் தூண்களில் சிங்க உடலோடு நிற்கும் யாளியை வரைந்தது ஒரே ஒரு சிறுமி. அவளும் பெயர் தெரியாமல் 'கோயில் சிங்கம்' என்று எழுதியிருந்தாள். லீவுக்கு மதுரைப் பக்கம் போகும்போது கோயிலில் யாளியின் வாய்க்குள் விரலை விட்டுக் கல் உருண்டையை உருட்டி விளையாடிய பிள்ளைகள்தான் இவர்கள். அதன் பெயரைச் சொல்லித் தராமல் விட்டது பெரியவர்களாகிய நாம், பள்ளியும் சேர்த்து. எனக்கு அது உறுத்துகிறது.

இத்தனைக்கும் நாம் இருப்பது பெங்களூரு. கர்நாடக அரசு முத்திரையைப் பாருங்கள்: நடுவில் இருதலைப் பறவையான கண்டபேரண்டம், இரு பக்கமும் யானைத் தலையும் சிங்க உடலுமாக நிற்கும் விலங்குகள். நம் யாளிக்கு நெருங்கிய சொந்தம். பிரியாத அன்பைச் சொல்ல, இரண்டு தலையும் ஓர் உயிரும் உள்ள பறவையை அகநானூற்றில் கபிலர் உவமை காட்டியிருக்கிறார். பக்கத்து வீட்டுக் கன்னடப் பிள்ளையும் நம் பிள்ளையும் சேர்ந்தே பேசி மகிழக்கூடிய பறவை அது.

எனக்கு மிகப் பிடித்தது அசுணம். இசைக்கு மயங்கும் விலங்கு என்று சங்கப் பாடல்கள் சொல்கின்றன. வண்டுகள் ரீங்கரிப்பதை யாழ் என்று நினைத்து, மலைக்குகையில் இருந்தபடி காது கொடுத்துக் கேட்குமாம். வேட்டைக்காரர்கள் யாழ் மீட்டி அதை வரவழைத்து, பிறகு பறையை முழக்குவார்களாம். அந்தச் சத்தம் தாங்காமல் அது உயிரை விட்டுவிடும். இதை வகுப்பில் சொன்னபோது ஒரு பையன், "அப்போ யாழை மட்டும் வாசிச்சா அது நம்ம கூடவே இருக்குமா மிஸ்?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்காகவே இந்த ஏற்பாடு.

பாட்டுள்ள அனிமேஷன் படங்களில் பெரும்பாலும் பாட்டை முதலில் பதிவு செய்துவிட்டு, அதற்கேற்பத்தான் வரைவார்கள். நாங்களும் ஐந்தாம் வகுப்பில் அசுணத்தைப் பற்றிப் பத்து வினாடிப் படம் ஒன்றை அப்படியே செய்யப்போகிறோம். முதலில் அசுணத்துக்கு ஒரு பாட்டு, அப்புறம் படம். திரையில் ஒரு வினாடிக்கு 24 பிரேம், அதாவது 24 அசையாப் படங்கள் ஓடும். ஓர் ஓவியத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினால் 12 ஓவியம் போதும். பத்து வினாடிக்கு 120. ஐந்தாம் வகுப்பில் 40 பேர், ஆளுக்கு மூன்று ஓவியம். கணக்கும் இதிலேயே வந்துவிடுகிறது.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். சனிக்கிழமைக்குள் ஒரு ராத்திரி, உங்களுக்குத் தெரிந்த விசித்திர விலங்கின் கதை ஒன்றைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம் ஆகட்டும், உங்கள் ஊரில் மட்டும் சொல்லும் ஏதாவது ஆகட்டும். வீட்டில் பேசுகிற தமிழிலேயே சொல்லுங்கள், கன்னடம் கலந்தாலும் பரவாயில்லை. ஊரில் இருக்கும் பாட்டி தாத்தா போனில் சொன்னால் இன்னும் நல்லது.

இருட்டுக்கோ பெரிய சத்தத்துக்கோ பயப்படும் பிள்ளை என்றால் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கதவோரம் ஆசிரியை பக்கத்தில் உட்கார வைக்கிறோம். எப்படியும் ஒலியைக் குறைத்தே வைப்போம்.

படம் 12 மணிக்கு முடியும். வேன்கள் 12.15க்குக் கிளம்பும்.

அன்புடன்,
தலைமையாசிரியை