காம்ப்டன் கோழை இல்லடா

வியாசர்பாடி

டேய் ரமேசு,

பதில் போடாம இழுத்துட்டேன், கோவிச்சுக்காத. அம்மாவுக்குக் கால்வலி பரவாயில்ல. தங்கச்சிக்கு மணலிக்கு மாற்றல். வீட்டுச் சேதி அவ்ளோதான்.

தேவராஜ் அண்ணன் மாடியில ஞாயித்துக்கிழமையானா ‘பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்’ ஓடுது, ரெண்டாம் உலகப் போர்ல நெசமாவே சண்டை போட்ட அமெரிக்கச் சிப்பாய்ங்களைப் பத்தின டிவி தொடர். ஏழாவது எபிசோட் முடிஞ்சதும் ஒரே ரகளை. “லெப்டினன்ட் ஆயிட்டு ஹெல்மெட்டை நழுவ விட்டுட்டு நிக்கிறான் பாரு, கோழை”ன்னு காம்ப்டனைச் சொன்னாரு அண்ணன். செல்வமும் கூடவே ஆமாம் போடுறான். எனக்கு ஆறவே மாட்டேங்குது.

காம்ப்டன் யாரு? 1944 ஜூன் 6, நார்மண்டியில குதிச்ச அன்னிக்கே பிரெகூர்ல ஜெர்மன் பீரங்கிங்களை அடக்கப் போனப்போ தலைமை தாங்கின வின்டர்ஸ் கூட நின்ன ஆளு. அதுக்கு நெசமாவே சில்வர் ஸ்டார்ங்கிற வீரப் பதக்கம் வாங்கினவரு. ஹாலந்துல குண்டடி பட்டும் திரும்பி வந்தாரு. அப்புறம்தான் பெல்ஜியத்துல பாஸ்டோன் காடு. குளிருக்குத் துணியில்ல, குண்டும் பத்தல, சுத்தி ஜெர்மன்காரன். 1945 ஜனவரியில ஷெல் விழுந்து டோய் கால் போயிடுது. அவனை இழுத்துட்டு வரப் போறான் கார்னியர், அடுத்த ஷெல்லுல அவன் காலும் போச்சு. ரெண்டு பேரும் காம்ப்டனோட சிநேகிதங்க. அந்த இடத்துல அவர் பயந்து ஓடல, காயத்துக்கு மருந்து போடுற மெடிக்கைத்தான் கூப்புடுறாரு. தன் உசுருக்குப் பயப்படுறவன் மொகம் வேற, இது வேற. அந்த ஒரு நிமிசத்தை மறுபடி போட்டுப் பாருங்கன்னா யாரும் கேக்கல.

போருக்கு அப்புறம் அவர் வக்கீலாயி, ராபர்ட் கென்னடியைக் கொன்னவன் மேல அரசுத் தரப்புல வழக்கு நடத்தி, நீதிபதியாவும் இருந்தாரு. உடைஞ்ச மனுசன் திரும்ப எழுந்துப்பான்டா.

இந்த விசயத்துல அந்தத் தொடரே ஒரு தப்பு பண்ணியிருக்கு. மூணாவதுல பயந்து கண்ணு தெரியாமப் போற பிளைத், காயத்தால 1948-ல செத்துட்டதா எழுத்து போடுவாங்க. உண்மையில அவர் கொரியப் போருக்கும் போயிட்டு வந்து 1967-லதான் இறந்தாரு. இதைச் சொன்னதும் செல்வம் கொஞ்சம் அடங்கினான்.

உன் பையன் எல்லா மூஞ்சியும் ஒண்ணா இருக்குன்னு ரெண்டோட விட்டுட்டானாமே? எல்லாரும் அங்கதான் விடுறாங்க. ராத்திரிச் சண்டை, மூஞ்சியில கரி, ஒரே உடுப்பு, என்ன தெரியும்? முதல் எபிசோடை இன்னொரு தடவை பாக்கச் சொல்லு. பயிற்சி முகாம், பகல் வெளிச்சம், பேரைச் சொல்லித்தான் கூப்புடுவாங்க. பயிற்சி குடுக்கிற அதிகாரி சோபல் சரியான எம்டன், அவன் யார் யாரைத் திட்டுறான்னு கவனிச்சாலே பாதிப் பேர் மனசுல நிப்பாங்க. ஹெல்மெட் பின்னாடி வெள்ளைக்கோடு நட்டுக்குத்தா இருந்தா அதிகாரி, படுக்கையா இருந்தா சார்ஜென்ட் மாதிரி. ஹெல்மெட் பக்கவாட்டுல இருக்கிற இஸ்பேட்டுக் குறி அவங்க 506-வது ரெஜிமெண்டுக்கே பொது, அதை வெச்சு ஆளைப் பிரிக்க முடியாது.

எபிசோட் ஆரம்பத்துல பேசுற கிழவங்க நெசமான அந்தச் சிப்பாய்ங்கதான், அவங்களை ஓட்டிவிடக் கூடாது. அவங்க பேரு கடைசி எபிசோட்லதான் வரும். முன்னாடியே போன்ல தேடினா யார் பொழைச்சாங்கன்னு தெரிஞ்சுபோயிடும், கண்டிப்பாச் சொல்லிடு.

ஆறாவதை மட்டும் அவன் தனியா பாக்கட்டும். மெடிக் ரோ ஒரு கத்திரிக்கோலுக்கும் மார்ஃபினுக்கும் குழி குழியாப் போய்க் கையேந்துவான். கடைசியில செத்துப்போன நர்ஸோட நீலத் துணியைக் கிழிச்சு, அடிபட்ட சிப்பாய் ஹெஃப்ரன் கையில கட்டுவான். நட்புன்னு அதுல யாரும் வசனம் பேச மாட்டாங்க.

வர்ற ஞாயித்துக்கிழமை எட்டாவது. அதுக்குள்ள அண்ணனுக்கு ஒரு போன் போடு. நான் சொன்னா சிரிக்கிறாரு, நீ சொன்னா கேப்பாரு.

உன்
மணி