குமரி மாவட்டத்தில் வீடு கட்டித் தருவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இன்ஜினியர்களுக்கும், கான்ட்ராக்டர்களுக்கும், கொத்தனார் அண்ணன்மாருக்கும் வணக்கம்.

குலசேகரம் பக்கம் ஆறு வருஷத்துக்கு முன்னால் வீடு கட்டியவள் நான். கட்டித் தந்தவர் நல்ல வேலைக்காரர்தான். கான்கிரீட் வார்ப்பு இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகியதில்லை. ஆனால் பழைய வீட்டின் பின்பக்கச் சாய்ப்பில் இருந்த வெந்நீர் அடுப்பை, "புகை பட்டால் பெயின்ட் கெட்டுப்போகும், ஹீட்டர் போட்டுக்கலாம்" என்று சொல்லி இடிக்க வைத்தார். நானும் தலையாட்டிவிட்டேன். அந்தத் தலையாட்டலுக்கு ஒவ்வொரு மார்கழியிலும் பணம் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

மார்கழி, தையில் நம் ஊரில் ராத்திரி ஃபேன்கூட வேண்டாம். கரண்ட் பில் குறையத்தானே வேண்டும்? குறையவில்லை. கணக்கு போட்டுப் பார்த்தேன். 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய 1 யூனிட் ஆகும். ஐந்து பேர் குளிக்க தினமும் இரண்டு தடவை ஹீட்டர் நிறைந்து காய்கிறது. ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அதற்குள் குளிக்கிற தண்ணீருக்கு மட்டும் 120 யூனிட். 430-ல் நிற்க வேண்டிய எங்கள் கணக்கு 550-க்குப் போகிறது. 500 தாண்டினால் என்ன ஆகும் என்பது உங்களுக்கும் தெரியும். தாண்டிய ஒவ்வொரு யூனிட்டுக்கும் 8 ரூபாய்க்கு மேல். அதோடு 101 முதல் 200 வரை கிடைத்துவந்த குறைந்த விலையும் கைவிட்டுப் போகும்.

இத்தனைக்கும் வீட்டைச் சுற்றி ஆறு தென்னை நிற்கிறது. அடுப்பெரிக்க ஆகிற கதம்பையும் கொதும்பும் மட்டையும் மழையில் நனைந்து மக்குகின்றன. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்து, மாவட்டம் முழுக்க மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தபோது, அம்மா அந்தச் சாய்ப்பு அடுப்பில்தான் பெரிய செம்புப் பானையை ஏற்றினாள். கரண்ட் இல்லாத அத்தனை நாளும் எங்கள் பிள்ளைகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வரிசையாக நின்று அந்த வெந்நீரில்தான் குளித்தார்கள். பானை இப்போது மாடிப்படிக்குக் கீழே கவிழ்ந்து கிடக்கிறது.

புகையை நான் லேசாகச் சொல்லவில்லை. அடுக்களைக்குள் புகை அடுப்பு வேண்டவே வேண்டாம்; பெண்கள் அதில் பட்டது போதும். வெளியே, கூரைக்கு மேல் உயர்ந்த புகைக்குழாயோடு ஓர் அடுப்பு. நாலடி இடம். பிளானிலேயே அதை வரைந்துவிட்டால் பெயின்ட்டும் கெடாது.

அடுப்பு மூட்ட ஆளில்லாத வீடுகள் உண்டு. அங்கே சோலார் வாட்டர் ஹீட்டர் பொருந்தும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது சரியாகக் காயாது என்பது உண்மைதான். ஆனால் குளிர் கூடுகிற மார்கழி பாதி தொடங்கி தை, மாசி வரை நமக்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை. 100 லிட்டர் டாங்கி ஒன்று மூன்று நான்கு பேருக்குப் போதும்.

நாங்களும் இரண்டு வருஷத்துக்கு முன் ஒன்று வைத்தோம். வைத்த பிறகுதான் வீட்டின் குறை தெரிந்தது. மொட்டை மாடியிலிருந்து கீழ் பாத்ரூமுக்கு வெந்நீர் லைன் கிடையாது. டைல்ஸை உடைக்க மனமில்லாமல் பிளம்பர் வெளிச்சுவரோடு நாற்பது அடி பைப்பை, உறைகூடச் சுற்றாமல் இழுத்தார். காலையில் பைப்பைத் திறந்தால் முதல் மூன்று லிட்டர் பச்சைத் தண்ணீர். அம்மாவுக்கு 78 வயது. சூடு வரும்வரை கையை நீட்டி நீட்டிப் பார்த்து நிற்பாள். பிறகு, "கரண்ட் ஹீட்டரையே போடு மோளே" என்பாள்.

இன்னொன்று, தண்ணீர் டாங்கி. வாஸ்து பார்த்து அதைக் கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில், உயர்த்திக் கட்டுகிறோம். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. நாகர்கோவிலில் உச்சிவேளையில்கூட தலைக்கு நேர் மேலே வராமல் 30 டிகிரிக்குமேல் தெற்கே விலகித்தான் நிற்கும். அதனால் மத்தியானத்துக்குப் பிறகு டாங்கியின் நிழல் வடகிழக்காக மாடி மேல் விழுகிறது. எங்கள் சோலார் ஹீட்டர் நிற்பது சரியாக அங்கேதான். டாங்கியை மாற்றச் சொல்லவில்லை. அதன் நிழல் தொடாத, தெற்கு பார்த்த ஓரிடத்தை மாடியில் ஒழித்து வைத்து, அதற்குப் பக்கத்திலேயே வெந்நீர் லைனை இறக்குங்கள். வார்ப்புக்கு முன் கம்பிக்கிடையில் ஒரு துண்டு பைப் வைக்க ஆகும் செலவு உங்கள் எஸ்டிமேட்டில் கண்ணுக்கே தெரியாது.

வீடு கட்ட வருகிறவர்களுக்கு இதெல்லாம் தோன்றாது. எனக்குத் தோன்றவில்லை. டைல்ஸ் நிறத்துக்கு நாலு கடை ஏறி இறங்கினேன். வெந்நீர் எப்படி வரும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டியது நீங்கள்தான். முதல் நாள் பிளானை விரிக்கும்போதே கேளுங்கள்: வீட்டில் எத்தனை பேர், வயசானவர்கள் உண்டா, தென்னை நிற்கிறதா, காலையில் யார் முதலில் குளிப்பார்கள்?

திருவட்டாரில் என் தங்கச்சி வீட்டுக்கு அடுத்த வாரம் வார்ப்பு. அவளுடைய இன்ஜினியர் தம்பியும் இதை வாசிப்பார் என்று நம்புகிறேன். தம்பி, கம்பி கட்டுகிற அன்று காலையில் பைப்போடு வருகிறேன். துளை எங்கே வேண்டும் என்று மாடியில் சாக்பீஸால் சேர்ந்தே குறித்துவிடலாம்.

அன்புடன்,
குலசேகரத்திலிருந்து ஓர் இல்லத்தரசி