வேலூர் மெக்கானிக் அண்ணன்மாருக்கு: கேஸ்கெட்டோடு ஸ்டட்டையும் மாற்றுங்கள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆற்காடு பக்கம் பழைய வண்டிகளைக் கைவிடாமல் பார்த்துவரும் மெக்கானிக் அண்ணன்மாருக்கு வணக்கம்.

அம்பாசடர் தயாரிப்பு 2014இல் நின்றுவிட்டது. நீங்கள் இருக்கும்வரைதான் எங்கள் வண்டி ஓடும். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். இன்ஜின் புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்தான் எக்ஸாஸ்ட் மேனிபோல்ட்; அது இன்ஜினோடு சேரும் இடத்தில் கசியாமல் அடைக்கும் தகடு கேஸ்கெட். அந்தக் கேஸ்கெட்டை மாற்றும்போது, மேனிபோல்ட்டைப் பிடித்திருக்கும் ஸ்டட் (இன்ஜினில் பதிந்த மரைக்கம்பி), நட், வாஷர் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். எங்களுக்குச் செலவு வைக்கக் கூடாதென்று பழையதையே திரும்பப் பூட்டாதீர்கள்.

எங்கள் வீட்டு வண்டி 1489 சிசி பெட்ரோல். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று அடிக்கும், சூடேறினால் அடங்கிவிடும். ஓர் ஒர்க்‌ஷாப்பில் டேப்பட் (வால்வைத் தள்ளும் பாகம்) சத்தம் என்று சொல்லி அட்ஜஸ்ட் செய்தார்கள். சத்தம் போகவில்லை. இன்னோர் இடத்தில் புது கேஸ்கெட் வைத்து, மேலே சிலிக்கான் பேஸ்ட்டை அப்பி, பழைய நட்டையே முறுக்கி அனுப்பினார்கள். ஏலகிரி மலையில் 14 வளைவையும் ஏறி முடிப்பதற்குள் சத்தம் திரும்பிவிட்டது. பின்சீட்டில் அம்மாவுக்குத் தலைவலி.

அந்தத் தலைவலிக்குத்தான் பயப்படுகிறேன். கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பழைய வண்டியில் இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே ஒயர் போகும் ஓட்டைகளில் ரப்பர் எப்போதோ பொடிந்திருக்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குழந்தைகளோடு போகும் வண்டி இது. டிக் டிக் சத்தம் கேட்டால் டேப்பட் கவரைக் கழற்றும் முன் மேனிபோல்ட் ஓரத்தில் கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். சூட்டில் இரும்பு விரிந்து இடைவெளியை அடைப்பதால்தான் சத்தம் மறைகிறது, கோளாறு சரியானதால் அல்ல.

சிலிக்கான் பேஸ்ட் எக்ஸாஸ்ட் வாய்க்கு ஆகாது. அந்தச் சூட்டில் கருகி உதிர்ந்துவிடும்.

அப்புறம் மரை விஷயம். இந்த இன்ஜினில் எல்லாம் அங்குலக் கணக்கு. 5/16 அங்குல ஸ்டட் என்றால் தடிமன் 7.94 மி.மீ. கடையில் சுலபமாகக் கிடைக்கும் 8 மி.மீ. நட்டைக் கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் 5/16 ஃபைன் மரையில் ஓர் அங்குலத்துக்கு 24 சுற்று, சாதாரண 8 மி.மீ. நட்டில் 20 சுற்றுதான் வரும். ஓரிரு சுற்று ஏறும், பிறகு இறுகும். டைட் ஆகிவிட்டது என்று நினைப்போம், மரை அறுபட்டுக்கொண்டிருக்கும். அடுத்த முறை கழற்றும்போது ஸ்டட், இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டை ஒட்டி முறிந்து நிற்கும். பித்தளை நட் போட்டால் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளாது, அடுத்து கழற்றுபவருக்கும் நிம்மதி.

கழற்றும்போது அவசரம் வேண்டாம். முதல் நாள் மாலையே துருவை இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். காலையில் கொஞ்சம் முறுக்கிவிட்டு, பிறகு தளர்த்துங்கள், முன்னும் பின்னுமாக. அசையாவிட்டால் டார்ச் காட்டுங்கள், பெட்ரோல் லைனையும் கார்புரேட்டரையும் முதலில் அப்புறப்படுத்திவிட்டு. முறிந்தே போனால் மேலே ஒரு நட்டை வெல்ட் வைத்துத் திருப்பினால் பெரும்பாலும் வந்துவிடும். அந்தச் சூடே துருவை இளக்கிவிடும்.

இந்த இன்ஜினில் இன்லெட் மேனிபோல்ட்டும் (காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் குழாய்) எக்ஸாஸ்ட் மேனிபோல்ட்டும் ஹெட்டின் ஒரே பக்கம், ஒரே கேஸ்கெட். சில ஸ்டட்களில் ஒரே தடித்த வாஷர்தான் இரண்டையும் சேர்த்து அமுக்குகிறது. இரண்டில் ஒரு மேனிபோல்ட்டின் விளிம்பு கொஞ்சம் தேய்ந்து மெலிந்திருந்தாலும் வாஷர் சாய்ந்து உட்காரும், சரியாக அமுங்காத பக்கம் கசியும். பூட்டும் முன் மேனிபோல்ட்டின் முகத்தில் ஸ்டீல் ஸ்கேலை வைத்து, நடுவில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் லேத்தில் கொடுத்து மட்டம் தட்டலாம். நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஒரேயடியாக இல்லாமல் படிப்படியாக இறுக்குங்கள்.

உங்களுக்காக ஒன்று: பழைய கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உலர்ந்தபடி சுரண்டாமல் தண்ணீர் தெளித்துச் சுரண்டுங்கள், மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

இத்தனைக்கும் நேரம் ஆகும், தெரியும். வண்டியை இரண்டு நாள் விட்டுவைக்கிறோம். கூலியை முன்கூட்டியே சொல்லுங்கள், பேரம் பேச மாட்டோம். வண்டி கொஞ்சம் ஓடியதும் ஒரு காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது கொண்டுவருகிறோம், நட்டுகளை இன்னொரு முறை இறுக்கிப் பார்த்துத் தாருங்கள்.

அன்புடன்,
ஓர் அம்பாசடர்க்காரர், சத்துவாச்சாரி