வானொலி நேயர் மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை (ஏப்ரல் 2024 – மார்ச் 2025)

தலைவர் அவர்களுக்கும், வெயிலைப் பார்க்காமல் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன வருடம் நான் அறிக்கையை வாசித்து முடிப்பதற்குள் வடை ஆறிப்போய்விட்டது என்று எழுத்து மூலமாகவே ஒரு புகார் வந்தது. இந்த வருடம் சுருக்கமாக எழுதப் பார்த்தேன், முடியவில்லை. அதனால் வடையை முதலிலேயே கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். சாப்பிட்டுக்கொண்டே கேளுங்கள்.

சென்ற பொதுக்குழுவில் எடுத்த முடிவு உங்களுக்கு நினைவிருக்கும். மாதம் ஒரு தலைப்பு என்று அங்கும் இங்கும் அலையாமல், ஒரே ஊரில் பல காலம் மைக் முன்னால் உட்கார்ந்திருந்த வானொலி அறிவிப்பாளர்களைப் பற்றி ஆண்டு முழுவதும் பேசுவது. அந்த ஊர் கொழும்பு, நிலையம் இலங்கை வானொலி. தூத்துக்குடியில் இருந்துகொண்டு கொழும்பைப் பற்றி என்ன பேச்சு என்று புதிதாகச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இங்கிருந்து நேர்கோட்டில் அளந்தால் சென்னை இருக்கும் தூரத்தில் ஏறக்குறைய பாதியில் கொழும்பு இருக்கிறது. நடுவில் இருப்பதோ கடல். மத்திய அலை (மீடியம் வேவ்) தரைக்கு மேல் போகும்போது சீக்கிரம் தேய்ந்துவிடும், உப்புத் தண்ணீருக்கு மேல் அவ்வளவாகத் தேயாது. திருநெல்வேலி வானொலி நிலையம் 1963 டிசம்பரில்தான் வந்தது. அதுவரை எங்கள் வீட்டு ரேடியோவில் சென்னை ராத்திரியில் முனகும், கொழும்போ பட்டப்பகலில் பக்கத்து வீட்டில் பேசுவது மாதிரி கேட்கும். நேயர், அறிவிப்பாளர், கூட்டுத்தாபனம் (அதாவது கார்ப்பரேஷன்) போன்ற சொற்கள் எங்கள் வயதுக்காரர்கள் காதில் முதலில் விழுந்தது அந்த வழியாகத்தான்.

மொத்தம் பதினொரு மாதக் கூட்டங்கள் நடந்தன. டிசம்பரில் மழை என்பதால் கூடவில்லை. மழை என்றாலே நமக்கு இப்போது வயிற்றைக் கலக்குகிறது, காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

ஏப்ரல் கூட்டம் இந்தி வானொலி அறிவிப்பாளர் அமீன் சயானிக்கு அஞ்சலி. 2024 பிப்ரவரியில் தமது 91ஆவது வயதில் அவர் காலமானார். அவர் பம்பாய்க்காரர் ஆயிற்றே, கொழும்புக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்று பொருளாளர் எதிர்ப்புத் தெரிவித்தார். ஆனால் 1952இல் தொடங்கிய அவருடைய பினாகா கீத்மாலா என்ற இந்தி சினிமாப் பாட்டு நிகழ்ச்சி பம்பாயில் பதிவாகி, ஒலிநாடா விமானத்தில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து சிற்றலையில் (ஷார்ட் வேவ்) கிளம்பி மறுபடி இந்தியா முழுக்க வந்து சேர்ந்தது. இந்தச் சுற்றுவழி எதற்கு என்றால், தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு பிடிக்காது. ஆகாசவாணியில் சினிமாப் பாட்டு சுருங்கச் சுருங்க, ஜனங்கள் ரேடியோ முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பினார்கள். நம் அரசாங்கம் விழித்துக்கொண்டு விவித் பாரதியைத் தொடங்க 1957 அக்டோபர் ஆயிற்று. அதற்குள் ஒரு தலைமுறைக்கு இலங்கை வானொலி பழகிவிட்டது. கேஸ்கருக்கு நம் மன்றம் ஒரு நன்றித் தீர்மானம் போட்டால் என்ன என்று தலைவர் சொன்னார். சிரித்துவிட்டு விட்டுவிட்டோம்.

மே மாதம் வரலாறு. எட்வர்ட் ஹார்ப்பர் என்ற தந்தித் துறைப் பொறியாளர் கொழும்பில் பரிசோதனையாகத் தொடங்கியது, 1925 டிசம்பர் 16 அன்று கவர்னர் ஹியூ கிளிஃபர்ட் திறந்துவைத்த முறையான நிலையமாயிற்று. இரண்டாம் உலகப் போரையொட்டி மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமைக்காக ஜா-எலப் பக்கத்து ஏக்கலவில் 100 கிலோவாட் சிற்றலைப் பரப்பியை நிறுவினார்கள். போர் முடிந்து அது இலங்கை அரசின் கைக்கு வந்ததுதான் பின்னால் நடந்த அத்தனைக்கும் வித்து. 1950இல் வர்த்தக சேவை வந்தது. 1967 ஜனவரியில் ரேடியோ சிலோன் கூட்டுத்தாபனமாயிற்று. பட்டாளத்துக்காரனுக்குப் பாட்டுப் போட வைத்த மெஷினில்தான் நம் வீட்டுக்கு பொங்கும் பூம்புனல் நிகழ்ச்சி வந்தது என்று துறைமுகத்தில் வேலை பார்த்த அண்ணாச்சி சொன்னார். இந்த ஆண்டில் பேசப்பட்ட வாக்கியங்களிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

ஜூன், ஜூலை இரண்டு கூட்டமும் எஸ்.பி. மயில்வாகனனுக்கே போய்விட்டன. வர்த்தக சேவைத் தமிழ் ஒலிபரப்பின் முதல் நட்சத்திரம் அவர். அவருடைய மனைவி செந்திமணியும் அறிவிப்பாளர். அறுபதுகளில் இந்தப் பக்கம் டீக்கடைகளில் மயில்வாகனன் மாதிரி பேசிக் காட்டாத ஆள் கிடையாது. நம் மன்றத்தில் எண்பது வயது தாண்டிய நான்கு பேர் ஆளுக்கு ஒரு மாதிரி பேசிக் காட்டினார்கள், நான்கும் நான்கு விதமாக இருந்தன. எது சரி என்று பார்க்க நம்மிடம் ஒரு நிமிடப் பதிவுகூட இல்லை. எனக்கு உறுத்திய விஷயம் இது. அந்தக் குரலைக் கேட்டவர்களே வேறு வேறு விதமாக நினைவு வைத்திருக்கிறார்கள் என்றால் இன்னும் பத்து வருடத்தில் என்ன மிச்சம் இருக்கும்?

ஆகஸ்டில் ராஜேஸ்வரி சண்முகம். கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள், இது நம் மன்ற வரலாற்றில் முதல்முறை (இதை வெட்கத்தோடு எழுதுகிறேன்). ஐம்பதுகளில் வானொலி நாடக நடிகையாக நுழைந்தவர், அப்புறம் அறிவிப்பாளராகி 'வானொலிக் குயில்' என்று பெயர் வாங்கினார். 2012 மார்ச்சில் மறைந்தார். பொதிகைத் தென்றல் நிகழ்ச்சிக்காக அடுப்பில் சோற்றைக் குழையவிட்ட கதைகளைப் பலரும் சொன்னார்கள். நம் உறுப்பினர் ஒருவரின் அம்மா, பள்ளிக்கூடமே போகாதவர், 'பூவும் பொட்டும் மங்கையர் மஞ்சரி' நிகழ்ச்சியைக் கேட்டுக் கேட்டுத்தான் மேடைத்தமிழ் பேசக் கற்றாராம். கூட்டுறவு சங்கக் கூட்டத்தில் அவர் எழுந்து பேசியபோது தாசில்தாரே அசந்துபோனதாகக் கேள்வி. மகன் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். இருந்தாலும் குறிப்பேட்டில் ஏற்றிவிட்டேன்.

செப்டம்பர் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் நேராகவே சொல்லிவிடுகிறேன். கே.எஸ். ராஜாவா, பி.எச். அப்துல் ஹமீதா என்று விவாதம் வைத்தது என் தவறு. ராஜா கட்சி ஒரு பக்கம், ஹமீது கட்சி ஒரு பக்கம் என்று நாற்காலியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோதே நான் நிறுத்தியிருக்க வேண்டும். ராஜா மூச்சுவிடாமல் பேசுவார், ஆனால் ஒரு எழுத்து சிதறாது. அவர் 'திரை விருந்து' நிகழ்ச்சி நடத்தினால் படம் பார்க்காதவனுக்கும் படம் பார்த்த மாதிரி இருக்கும். ஹமீது அதற்கு நேர் எதிர், நிறுத்தி, ஒவ்வொரு சொல்லுக்கும் இடம் விட்டுப் பேசுவார். தெமட்டகொடையில் வளர்ந்த பையன் சிறுவர் நிகழ்ச்சி வழியாக நிலையத்துக்குள் நுழைந்து, நாடகத்தில் நடித்து, அறிவிப்பாளராகி, அங்கே நடத்திய பாட்டுக்குப் பாட்டைப் பின்னால் நம் ஊர்த் தொலைக்காட்சி வரைக்கும் கொண்டுவந்தார். வாக்குவாதம் ஏறி, இரண்டு பேர் இன்றுவரை ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதில்லை. இரண்டு பேரும் இன்று வந்திருக்கிறார்கள், இருவருக்கும் ஒரே தட்டில் வடை வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அந்த விவாதம் ஒரு நிமிடம் அடங்கியது, ராஜா 1994இல் கொழும்பில் கொலை செய்யப்பட்டதை ஒருவர் எழுந்து சொன்னபோது. இளைஞர்களுக்கு அது தெரியாது. ஒரே ஊரில் நெடுங்காலம் என்று நாம் தலைப்பு வைத்துக்கொண்டு பேசினோம், ஆனால் அந்த ஊர் எல்லோரையும் அப்படி இருக்க விடவில்லை. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு லண்டனுக்கும் பாரிசுக்கும் டொரன்டோவுக்கும் போன குரல்கள் எத்தனை! ராஜேஸ்வரியும் ஹமீதும் கொழும்பிலேயே இருந்து அத்தனை வருடம் பேசினார்கள் என்பது எனக்கு அதற்கு அப்புறம்தான் வேறு மாதிரி உறைத்தது. நாம் இங்கே மல்லாந்து படுத்துக்கொண்டு பாட்டுக் கேட்ட ராத்திரிகளில் அந்த அறிவிப்பாளர் வேலை முடிந்து எந்தத் தெரு வழியாக வீட்டுக்குப் போனார் என்று நம்மில் யாரும் யோசித்ததில்லை.

அக்டோபரில் தமிழை விட்டு வெளியே போனோம். ஆங்கிலத்தில் வெர்னன் கொரியா, 1956இல் சேர்ந்தவர், பிறகு லண்டன் போய்விட்டார். சிங்களத்தில் கருணாரத்ன அபேசேகர, பாடலாசிரியர், சிங்களத்தில் கிரிக்கெட் வர்ணனைக்கு வழி போட்டவர், 1983இல் மறைந்தார். அவரும் சிறுவர் நிகழ்ச்சி வழியாக வந்தவர்தான் என்று தெரிந்ததும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. ஹமீதும் அப்படி, ராஜேஸ்வரி நாடகத்தில் இருந்து வந்தவர். என் கட்சி இதுதான், தவறென்றால் சொல்லுங்கள்: இவர்கள் நீடித்ததற்குக் குரல்வளம் இரண்டாவது காரணம். முதல் காரணம், தனியாக ஒரு நிகழ்ச்சியைக் கையில் கொடுப்பதற்கு முன்னாலேயே அந்த நிலையத்துக்குள் நாடகம், சிறுவர் நிகழ்ச்சி என்று பல காலம் பழகியிருந்தார்கள். இன்றைக்கு ஒரு பண்பலை நிலையத்தில் இருபது வயதுப் பிள்ளையை ஒரு வாரம் பழக்கி உட்கார வைத்துவிடுகிறார்கள், இரண்டு வருடத்தில் அந்தப் பிள்ளை விளம்பரக் கம்பெனிக்குப் போய்விடுகிறது. பிள்ளையைக் குறை சொல்லி என்ன பயன்?

இனி ஒலிநாடா விஷயம். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அந்தத் தண்ணீரில் நம் மூத்த உறுப்பினர் ஒருவரின் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் இருந்த கேசட்டுகள் முழுக மூழ்கின. எழுபதுகளின் கடைசியில் இருந்து ரேடியோவுக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து, வீட்டில் யாரும் இருமக்கூடாது என்று சட்டம் போட்டுப் பதிந்தவை. சென்ற ஆண்டு அறிக்கையில் 'எல்லாம் போய்விட்டது' என்று எழுதியிருந்தேன். அது தவறு, திருத்திக்கொள்கிறேன். 112 கேசட்டில் 39ஐ மீட்டிருக்கிறோம். முதலில் ஒரு கடையில் கொடுத்தோம், அவர்கள் சேறு காயாமலே மெஷினில் போட்டு ஓட்டி மூன்றை அறுத்துவிட்டார்கள். அப்புறம் வேண்டாம் என்று நாமே இறங்கினோம். கேசட்டின் பிளாஸ்டிக் ஓட்டைத் திருகாணி கழற்றித் திறந்து, சுருளை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, வேறு பழைய கேசட் ஓட்டில் மாற்றிப்போட்டு, பென்சிலால் சுற்றி... இதை எழுத ஒரு வரி, செய்ய ஏழு மாதம். ஐ.டி.ஐ. படிக்கும் நம் உறுப்பினரின் பேத்திதான் முக்கால்வாசி வேலை. அவருக்கு இன்று ஒரு சால்வையும் மக்ரூன் டப்பாவும் உண்டு.

மீண்டதில் பாட்டுதான் நிறைய. அறிவிப்பாளர் குரலை அந்தக் காலத்தில் நாமே வெட்டிவிட்டோம்! பாட்டு தொடங்கும்போது பதிவுப் பொத்தானை அழுத்துவது, அவர் வாய் திறந்ததும் நிறுத்துவது. இன்று அந்தப் பாட்டெல்லாம் போனில் கிடைக்கிறது. கிடைக்காதது அந்த நடுவில் இருந்த பேச்சு. 39 கேசட்டிலும் சேர்த்து அறிவிப்பாளர் பேச்சு இருபத்தாறு நிமிடம்தான் தேறியது. பிறந்தநாள் வாழ்த்துப் பகுதி ஒன்றில் நம் ஊர்ப் பிள்ளைகள் பெயர் வருகிறது. அதில் ஒருவருக்கு இப்போது பேரன் இருக்கிறான், அவருக்கே போட்டுக் காட்டினோம்.

ஒரு வருத்தமான செய்தி. வாட்ஸ்அப் குழுவில் மூத்த அறிவிப்பாளர் ஒருவர் இறந்துவிட்டதாக வந்த தகவலை நானே சரிபார்க்காமல் கறுப்பு ரிப்பன் படத்தோடு அனுப்பிவிட்டேன். அவர் நலமாக இருக்கிறார். மன்னிப்புக் கேட்டு அன்றே எழுதினேன், இங்கேயும் கேட்டுக்கொள்கிறேன்.

உண்மையிலேயே நம்மை விட்டுப் போனவர்கள் இரண்டு உறுப்பினர்கள். ஒருவர் விட்டுச்சென்ற தபால் ஆபீஸ் ரேடியோ லைசென்ஸ் புத்தகத்தை, முத்திரை வில்லைகளோடு, குடும்பத்தார் மன்றத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது உறுப்பினர் எண்ணிக்கை 47. சந்தா பாக்கி 14 பேர், பெயர் வாசிக்கப் போவதில்லை, பயப்பட வேண்டாம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். கையிருப்பு 6,340 ரூபாய், அதில் ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கிய கணக்கில் எனக்கும் அவருக்கும் நாற்பது ரூபாய் தகராறு இருக்கிறது.

2025 டிசம்பர் 16 அன்று கொழும்பு வானொலிக்கு நூறு வயது. ஒரு குழுவாகப் போய்வரலாம் என்று பேச்சு. கப்பலில்தான் போக வேண்டும் என்று அண்ணாச்சி ஒற்றைக்காலில் நிற்கிறார். நாகப்பட்டினத்தில் இருந்து போகும் கப்பல் காங்கேசன்துறையில் இறக்கிவிடும், அங்கிருந்து கொழும்புக்கு இலங்கையின் முக்கால் நீளத்தையும் கடக்க வேண்டும் என்று படம் போட்டுக் காட்டியும் கேட்கவில்லை. பாஸ்போர்ட் இருப்பவர்கள் மட்டும் கை தூக்குங்கள், எண்ணிக்கொள்கிறேன்.

அடுத்த கூட்டம் வழக்கம்போல் மூன்றாவது ஞாயிறு மாலை 4 மணி. வீட்டில் ஓடாத டேப் ரெக்கார்டர் யாரிடம் இருந்தாலும் எடுத்து வாருங்கள், நமக்கு பெல்ட்டும் ஹெட்டும் தேவைப்படுகிறது.