0.693 எங்கிருந்து வந்தது? எலெக்ட்ரானிக்ஸ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் எலெக்ட்ரானிக்ஸ் எடுக்கும் சார்களுக்கும் மேடம்களுக்கும் வணக்கம்.

உங்கள் வகுப்பில் கடைசிக்கு முந்திய பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் நான். என்னைப் போல வகுப்புக்கு நாலு பேராவது இருப்பார்கள். கண் போர்டில்தான் இருக்கும். மூன்றாவது வரியில் மனம் ஜன்னல் வழியாக இறங்கிப் போய், கேண்டீனை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பும்போது நீங்கள் பதினோராவது வரியில் இருப்பீர்கள். வரலாற்றுப் பாடத்தில் நடுவே ஒரு பத்தி விட்டுப்போனால் முன்பின் வைத்து ஊகித்துக்கொள்ளலாம். டெரிவேஷனில், அதாவது ஒரு சூத்திரம் எப்படி வந்தது என்று வரிவரியாக நிறுவுவதில், ஒரு வரி போனால் போனதுதான், அதற்குக் கீழே உள்ளதெல்லாம் வெறும் எழுத்து. எங்களுக்கு இந்தப் பாடங்கள் இத்தனை கஷ்டமாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

ரீல்ஸ் பார்த்துக் கெட்டுப்போன கூட்டம் என்பீர்கள். கொஞ்சம் உண்மைதான், மறுக்கவில்லை. மனிதனால் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஒரு பாடத்தைக் கவனிக்கவே முடியாது என்று நானும் பல காலம் சாக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தக் கணக்குக்கு உருப்படியான ஆதாரம் இல்லை என்று 2007இல் வில்சன், கார்ன் என்ற இரண்டு உளவியலாளர்கள் பழைய ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்து எழுதிவிட்டார்கள். சாக்கும் போச்சு.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். 555 டைமர் ஐசி பாடம். 1970களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்த சில்லு, இன்றைக்கும் சிலபஸில் இருக்கிறது, கடையிலும் கிடைக்கிறது. அதை அஸ்டேபிள் முறையில் இணைத்தால் விளக்கு தானாக எரிந்து எரிந்து அணையும். எரியும் நேரத்துக்கு ஒரு சூத்திரம்: மின்னோட்டத்தைத் தடுக்கும் இரண்டு ரெசிஸ்டர்களின் மதிப்பைக் கூட்டி, மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டரின் மதிப்பால் பெருக்கி, அதை 0.693ஆல் பெருக்க வேண்டும். வகுப்பில் அதற்கு முக்கால் மணி நேர டெரிவேஷன். நான் 0.693ஐ மட்டும் போன் நம்பர் மாதிரி மனப்பாடம் செய்து எழுதினேன். அரியர். அடுத்த செமஸ்டரிலும் அரியர்.

ஹாஸ்டலில் எதிர் அறை அண்ணன் ஒருவர் புத்தகத்தைப் பிடுங்கி வைத்துவிட்டு சால்டரிங் இல்லாமல் பாகங்களைச் செருகிப் பார்க்கும் ஒரு பிரெட்போர்டைக் கையில் கொடுத்தார். 555 சில்லு, 9 வோல்ட் பேட்டரி, 1 கிலோ ஓம், 100 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், ஒரு எல்இடி. "மீட்டரைக் கெப்பாசிட்டர் மேல வச்சிட்டு நம்பரை மட்டும் பாருடா" என்றார், அவ்வளவுதான்.

எல்இடி எரிந்தது. மீட்டரில் எண் சைபரிலிருந்து மெல்ல ஏறியது. ஆறைத் தொட்டதும் எல்இடி அணைந்து எண் இறங்க ஆரம்பித்தது. மூன்றுக்கு வந்ததும் மறுபடி எரிந்தது, மறுபடி ஏறியது. ஆறு, மூன்று, ஆறு, மூன்று. ஏற ஏழு நொடி, இறங்க ஏழு நொடி, கெப்பாசிட்டர் தரத்துக்கு ஏற்பக் கொஞ்சம் முன்பின். ஆனால் முதல் தடவை மட்டும் எல்இடி பதினோரு நொடி போல எரிந்தது. வயரிங்கில் ஏதோ தப்பு என்று எல்லாவற்றையும் பிடுங்கினேன். கெப்பாசிட்டரின் இரண்டு காலையும் ஒயரால் தொட்டு, மிச்ச மின்னூட்டத்தை வடித்துவிட்டு மறுபடி மாட்டினேன். மறுபடியும் முதல் தடவை பதினொன்று, அப்புறம் ஏழு, ஏழு, ஏழு.

ஏன் என்று தெரியாமல் எழுந்திருக்க முடியவில்லை. மெஸ்ஸில் சப்பாத்தி தீர்ந்துபோனது எனக்குத் தெரியாது. கெப்பாசிட்டர் ஒன்பது வோல்ட்டை நோக்கி ஏறுகிறது. மூன்றில் இருக்கும்போது அது எட்ட வேண்டிய தூரம் ஆறு, ஆறுக்கு வந்ததும் மீதித் தூரம் மூன்று. அதாவது தூரம் பாதியாகிறது. தூரம் பாதியாக ஆகும் நேரத்துக்குப் பெருக்க வேண்டிய எண் இரண்டின் இயல் மடக்கை (natural log). அது எவ்வளவு? 0.693! முதல் தடவை மட்டும் அது சைபரிலிருந்து கிளம்புகிறது. ஒன்பதாக இருந்த தூரம் மூன்றாகிறது, அதாவது மூன்றில் ஒரு பங்கு. மூன்றின் இயல் மடக்கை 1.1. பக்கத்துப் பாடத்தில், ஒரே ஒரு தடவை எரிந்து அணையும் மோனோஸ்டேபிள் முறையின் சூத்திரத்தில் காரணம் தெரியாமல் நான் உருப்போட்ட அதே 1.1. டெரிவேஷனைத் திறந்து பார்த்தேன், ஒவ்வொரு வரியும் எனக்குத் தெரிந்த ஆள் மாதிரி இருந்தது.

பத்து நிமிடம் உட்காராத அதே நான்தான் அன்றைக்கு மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தேன். வகுப்பில் நான் கேட்காத கேள்விக்கு முக்கால் மணி நேரம் பதில் வந்துகொண்டிருந்தது. ஹாஸ்டலில் கேள்வி முதலில் வந்துவிட்டது.

இது என் ஒருவன் கதை என்று தள்ளிவிட வேண்டாம். அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் அமெரிக்காவில் ஒரு கட்டுரை வெளியானது. மாணவர்களை ஏதாவது செய்ய வைக்கும் வகுப்புகளோடு ஒப்பிட்டால், விரிவுரை மட்டுமே நடக்கும் வகுப்புகளில் தேறாமல் போகும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு.

உங்கள் பக்கமும் தெரியும். ஐந்து யூனிட், போர்ஷன் முடிக்க வேண்டும், அறுபது பேர், நடுவில் இன்டர்னல். டெரிவேஷனை விட்டுவிடுங்கள் என்று கேட்கவில்லை. அதை இரண்டாவதாக வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். லேபில் காட்டுகிறோமே என்பீர்கள். லேப் வருவதற்குள் தியரி முடிந்து மூன்று வாரம் ஆகிவிடுகிறது, அங்கேயும் ரெக்கார்ட் நோட்டில் எந்த எண் வர வேண்டும் என்பது சீனியர் நோட்டிலேயே இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. போர்டின் இடது மூலையில் சர்க்கியூட், வலது கோடியில் சமன்பாடு என்று எழுதாதீர்கள். நம் பாடப்புத்தகங்களிலும் படம் ஒரு பக்கம், விளக்கம் தாளின் மறுபக்கம். புரட்டும் நேரத்தில் எங்களுக்குப் பாதி உதிர்ந்துவிடும். படத்தையும் விளக்கத்தையும் பிரித்து வைத்தால் படிப்பவருக்குச் சுமை கூடுகிறது என்று கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1990களிலேயே காட்டியிருக்கிறார்கள். 3 வோல்ட், 6 வோல்ட் என்பதைப் படத்திலேயே அந்தந்தப் புள்ளியின் மேல் எழுதிவிட்டால் போதும்.

நான் இப்போது இன்வெர்ட்டர் போர்டு சர்வீஸ் செய்து பிழைக்கிறேன். வரும் செமஸ்டரில் 555 பாடம் வரும்போது மேசை மேல் ஒரு பிரெட்போர்டையும் மீட்டரையும் வைத்து, ஆன் செய்துவிட்டு, எத்தனை நொடி எரிகிறது என்று பின்பெஞ்சுக்காரர்களை எண்ணச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் ஆகும். முதல் தடவை மட்டும் ஏன் கூடுதல் என்று யாராவது கேட்பார்கள். பதிலை அன்றைக்குச் சொல்லிவிடாதீர்கள் சார்.

இப்படிக்கு,
மூன்றாம் முறை எழுதி அந்தப் பேப்பரை கிளியர் செய்த ஒரு பழைய மாணவன்