பல்கலைக்கழகம் செல்லும் மலையகப் பிள்ளைகளுக்குக் கற்கும் முறையையும் கற்பிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வொரு முறையும், தோட்டப் பாடசாலைகளிலிருந்து பல்கலைக்கழகங்களுக்குத் தெரிவான பிள்ளைகளின் படங்களைப் பத்திரிகைகளில் பார்த்து மகிழும் வாசகர்களில் நானும் ஒருவன். அதே பிள்ளைகளில் சிலர் முதலாம் வருடப் பரீட்சையில் இரண்டொரு பாடங்களில் சித்தியடையாமல் மனமுடைந்து வீடு திரும்புவது மட்டும் செய்தியாவதில்லை. “கம்பஸுக்குப் போனதும் படிப்பை விட்டுவிட்டான்” என்று ஊர் தீர்ப்பு வழங்கிவிடுகிறது. ஆசிரிய பயிலுநர்களுக்குக் கல்வி உளவியல் கற்பிப்பவன் என்ற முறையில் இந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

படிப்பைக் கொண்டுநடத்த இரண்டு ஆற்றல்கள் தேவை. முதலாவது, உளவியலாளர் நிறைவேற்றுத் தொழிற்பாடுகள் என்று கூறுபவை: கவனத்தைக் குலைப்பவற்றை அடக்குவது, மனத்தில் வைத்திருக்கும் தகவலை அவ்வப்போது புதுப்பிப்பது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மனத்தைத் திருப்புவது. இம்மூன்றும் ஒன்றோடொன்று தொடர்புடையவை, ஆயினும் வேறுபிரித்தறியக் கூடியவை என்பதை உளவியலாளர் மியாக்கேயும் அவரது குழுவினரும் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அதில் பங்கேற்ற 137 பேரும் கல்லூரி மாணவர்களே. இரண்டாவது, 1970களில் அமெரிக்க உளவியலாளர் ஜோன் ஃபிளேவல் எடுத்துரைத்த மீயறிகை, அதாவது தனக்கு எது தெரியும், எது தெரியாது என்பதைத் தானே கண்காணித்து அதற்கேற்பத் தன் படிப்பைத் திருத்திக்கொள்ளும் திறன். ‘இந்த அத்தியாயம் எனக்கு இன்னும் விளங்கவில்லை’ என்று கண்காணிப்பு உணர்த்தினாலும், கைத்தொலைபேசியை ஒதுக்கிவைத்துவிட்டு அந்த அத்தியாயத்துக்குத் திரும்புவதற்கு நிறைவேற்றுத் தொழிற்பாடு கைகொடுக்க வேண்டும். மாறாக, மணிக்கணக்கில் அசையாமல் அமர்ந்து படிக்கும் மனவுறுதி இருந்தும் கண்காணிப்பு தவறினால், ஏற்கெனவே தெரிந்த பகுதிகளிலேயே அந்த உழைப்பு முழுவதும் கரைந்துபோகும்.

எங்கள் பிள்ளைகளிடம் நான் அதிகம் காண்பது, உழைப்பு இருந்தும் கண்காணிப்பு தவறும் இந்த நிலையைத்தான். கடந்த விடுமுறையில் ஆலோசனை கேட்டு வந்த ஒரு பல்கலைக்கழக மாணவியின் விரிவுரைத் தாள்களில் மஞ்சள் பூசப்படாத வரியைத் தேட வேண்டியிருந்தது. அவற்றை மூடிவைத்துவிட்டு, அப்பகுதியின் கருத்தை வெற்றுத்தாளில் எழுதும்படி கேட்டேன். தலைப்பையும் இரண்டு வரைவிலக்கணங்களையும் எழுதியதோடு பேனா நின்றுவிட்டது. “பார்க்கும்போது எல்லாம் தெரியுது சேர், மூடினா வரமாட்டேங்குது” என்றார். அவர் சோம்பேறி அல்லர்; இரவிரவாகப் படிப்பவர். கண்ணுக்குப் பழகிப்போனதை மனத்தில் பதிந்ததாக எண்ணிவிட்டார், அவ்வளவுதான்.

இது மலையகத்துக்கு மட்டும் உரிய குறையன்று. அமெரிக்காவில் உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக்கே ஆகியோர் 2006 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள், படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பழகிய மாணவர்களைவிடத் தங்களுக்கே நன்றாக நினைவிருக்கும் என்று நம்பினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, படித்தவர்கள் சுமார் 40 சதவீதத்தையும் எழுதிப் பழகியவர்கள் சுமார் 61 சதவீதத்தையும் நினைவுகூர்ந்தார்கள்.

ஆனால் எங்கள் சூழல் இந்தக் குறையை மேலும் பெரிதாக்குகிறது. உயர்தரம் வரை என்ன படிப்பது, எப்போது படிப்பது, எந்த வினா வரும் என்பதையெல்லாம் பாடசாலை நேரசூசியும் டியூஷன் ஆசிரியரும் கடந்தகால வினாத்தாள்களுமே தீர்மானித்துவிடுகின்றன. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயன் அறையில் ஐந்தாறு பேருக்கு நடுவே படிக்கும் பிள்ளைக்கு அந்த ஏற்பாடு உண்மையிலேயே பெரிய துணை. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தில் அது ஒரே வாரத்தில் விலகிவிடுகிறது. திட்டமிடலோடு தொடர்புடைய முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டிருக்கும் வயதில், அந்தப் பொறுப்பு முழுவதும் பிள்ளையின் தலையில் விழுகிறது. அத்தோடு பல பீடங்களில் விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக் கையாளக்கூடிய தகவலுக்கு ஓர் எல்லை உண்டு. சொற்களின் பொருளைத் தேடுவதிலேயே அந்த இடம் நிரம்பிவிட்டால், ‘இது எனக்கு விளங்கியதா’ என்று கேட்டுக்கொள்ள இடமேது?

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். நிறைவேற்றுத் தொழிற்பாட்டுக்கும் மீயறிகைக்கும் இடையே உள்ள தொடர்பை அறிய, மாணவர் தம்மைப் பற்றித் தாமே விடையளிக்கும் வினாக்கொத்துகளை மட்டும் நம்பக் கூடாது. தன்னைச் சரியாகக் கண்காணிக்கத் தெரியாத மாணவர் தன்னைப் பற்றிய வினாவுக்கும் சரியாக விடையளிக்க மாட்டார். எங்கள் கல்வியியற் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு செய்ய முன்வருவோர், மாணவர் எதிர்பார்க்கும் புள்ளியையும் அவர் உண்மையில் பெறும் புள்ளியையும் ஒப்பிட்டுப் பார்க்கும் முறையையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

பல்கலைக்கழக நிர்வாகங்களிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமன்று. முதலாம் வருட அறிமுகப் பயிற்சியில் சில மணித்தியாலங்களை இதற்கென ஒதுக்கினால் போதும். தாளை மூடிவைத்து எழுதிப் பார்ப்பது, ஒரே நாளில் குவிக்காமல் பல நாட்களுக்குப் பிரித்துப் படிப்பது, ஒன்றைப் படித்து முடித்த உடனே அல்லாமல் மறுநாள் ‘இது எனக்குத் தெரியுமா’ என்று மதிப்பிடுவது ஆகியவற்றை, அவர்கள் கற்கும் பாடத்தை வைத்தே, தேவையான இடங்களில் தமிழிலும் பழக்க வேண்டும். உயர்தர ஆசிரியர்களும் வாரத்துக்கு ஒரு நாளாவது நேரசூசியை மாணவரே வகுக்க விடலாம். அடுத்த கல்வியாண்டுக்கான அனுமதி தொடங்குவதற்கு முன்னரே இதைச் செய்யுமாறு, உரியவர்களைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
கல்வி உளவியல் விரிவுரையாளர் ஒருவர்,
ஹட்டன்.